வாசற்படியில் பிறந்த பட்டம்

1897 ஜூலையில் கனடாவின் டொரான்டோ நகரில் அமெரிக்க அறப்பணி அமைப்புகளின் ஆண்டு மாநாடு கூடியது. அங்கே பேச எழுந்த மேரி ரிச்மண்ட் கல்லூரிப் பக்கமே போகாதவர். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து, பால்டிமோரில் பாட்டி வீட்டில் வளர்ந்தார். பள்ளிப்படிப்போடு நிறுத்திக்கொண்டு எழுத்தர் வேலைக்குப் போனார். 1889இல் அந்த ஊர் அறப்பணிச் சங்கத்தில் உதவிப் பொருளாளராகச் சேர்ந்தார். கணக்குப் பார்க்க வந்தவர், கொஞ்ச நாளிலேயே சங்கத்தின் சார்பில் ஏழைக் குடும்பங்களைப் பார்க்கவும் கிளம்பிவிட்டார். எட்டு ஆண்டு அப்படி அலைந்தபின் மாநாட்டு மேடையில் அவர் கேட்டது ஒன்றுதான்: ஏழைகளுக்கு உதவப் போகிறவர்களுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி வேண்டும்.

பி.எஸ்.டபிள்யூ., எம்.எஸ்.டபிள்யூ. என்று இன்று கல்லூரி விளம்பரங்களில் வரும் இளநிலை, முதுநிலைச் சமூகப்பணிப் படிப்புகளின் பூர்வீகம் அந்தப் பேச்சில் இருக்கிறது. அவருக்கு நான்கு ஆண்டு முன்பே, 1893இல் சிகாகோ மாநாட்டில் அன்னா டாஸ் என்பவர் இதே கோரிக்கையை எழுப்பியிருந்தார். ஆனால் ரிச்மண்ட் கேட்டபோதுதான் காரியம் நடந்தது. அவர் சொன்னதில் ஒரு விவரம் முக்கியமானது. பள்ளி பெருநகரம் ஒன்றில் அமைய வேண்டும். அரசு நிவாரணமும் தனியார் அறமும் நடக்கும் இடங்களுக்கு மாணவர்கள் நேரே போய்வர வசதி இருக்க வேண்டும். பாட நிபந்தனைகளைவிடச் செய்முறைக்கே அங்கே முதலிடம். பட்டம் வாங்காத ஒரு பெண் வைத்த அந்த நிபந்தனைக்கும் பல்கலைக்கழகத்தின் நியதிகளுக்கும் நடந்த இழுபறிதான் இந்தப் படிப்பின் வரலாறு என்பது என் துணிபு.

அந்தக் காலத்தில் இந்தக் கோரிக்கை பலருக்கு விசித்திரமாகப் பட்டிருக்கும். இரக்கப்பட ஒருவருக்குப் பயிற்சி எதற்கு? லண்டனில் 1869இலும், அமெரிக்காவின் பஃபலோ நகரில் 1877இலும் தொடங்கிய அறப்பணி ஒருங்கிணைப்புச் சங்கங்கள் வசதியான வீட்டுப் பெண்களை ஏழை வீடுகளுக்கு அனுப்பிவந்தன. நட்போடு வந்து பார்ப்பவர் என்று அவர்களுக்குப் பெயர். கையில் காசு கொடுத்தால் ஏழை சோம்பேறியாகிவிடுவான் என்பது சங்கத்தின் நம்பிக்கை. ஆகவே புத்திமதியும் நல்லுறவும் கொடுத்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார்கள். போன பெண்கள் கண்டது வேறு. குடியால் கெட்ட வீடு ஒன்று இருந்தால், ஆலையில் கை போனதால், காசநோயால், வாரக் கூலி வாடகைக்கே போதாததால் கெட்ட வீடுகள் அக்கம்பக்கத்தில் பல இருந்தன. அங்கே புத்திமதி எதற்கும் உதவவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நாலு நடை போய்விட்டு நின்றுவிட்டவர்கள் ஏராளம். தொடர்ந்து போனவர்களோ தப்புச் செய்து செய்தே தொழில் கற்றார்கள். அந்தத் தப்புகளின் விலையைக் கொடுத்தது எதிரே உட்கார்ந்திருந்த குடும்பம்.

லண்டனில் ஆக்டேவியா ஹில் இதற்கு முன்பே ஒரு வழி கண்டிருந்தார். 1865இல் எழுத்தாளர் ஜான் ரஸ்கின் கொடுத்த முதலைக் கொண்டு மேரிலபோன் பகுதியில் இடிந்து கிடந்த சில வீடுகளை வாங்கினார். ரஸ்கினுக்கு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வருவாய் தந்தாக வேண்டும் என்பது ஏற்பாடு. ஹில் பெண்களைத் திரட்டி வாரந்தோறும் வாடகை வசூலிக்க அனுப்பினார். வாடகைக்குக் கதவைத் தட்டுகிறவள் வாசலிலேயே நின்றுகொண்டு எத்தனையோ பார்க்கலாம்: உடைந்த படிக்கட்டு, ஒழுகும் கூரை, பள்ளிக்குப் போகாத பிள்ளை, இந்த வாரம் வேலைக்குப் போகாத புருஷன். வசூலில் மீந்த பணம் பழுது பார்க்கப் போகும். எந்தப் பழுதை முதலில் பார்ப்பது என்று குடியிருப்பவர்களிடமே கேட்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரு காரியம் பொதுவாக இருந்ததால் பேச்சில் பாசாங்கு குறைந்தது. ஹில் கண்டிப்பானவர். வாடகை பாக்கி வைத்தவர்களைக் காலிசெய்ய வைத்ததும் உண்டு; அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ முடியாது. ஆனால் ஒரு வேலையைச் செய்துகொண்டே, மூத்தவர் ஒருவர் கண்காணிக்க, அதைப் பற்றி எழுதியும் பேசியும் கற்கும் முறை அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. 1887இல் லண்டன் சதர்க் பகுதியில் தொடங்கிய பெண்கள் பல்கலைக்கழகக் குடியிருப்பு அந்த முறையைத் தொடர்ந்து வளர்த்தது.

டொரான்டோ பேச்சுக்கு அடுத்த கோடையிலேயே, 1898இல், நியூயார்க் அறப்பணிச் சங்கம் ஆறு வாரப் பயிற்சி ஒன்றை நடத்தியது. வந்தவர்களுக்குச் சொற்பொழிவுகள் உண்டு, நிறுவனங்களைச் சுற்றிப் பார்ப்பது உண்டு, குடும்பங்களைச் சந்தித்து அறிக்கை எழுதுவதும் உண்டு. 1904இல் அது ஒரு கல்வியாண்டுப் படிப்பாக நீண்டு நியூயார்க் அறப்பணிப் பள்ளி ஆயிற்று. இன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிப் பள்ளியாக இருப்பது அதுவே. இதற்கிடையில் 1899இல் ஆம்ஸ்டர்டாம் நகரம் ஆறு வாரத்தையெல்லாம் தாண்டி இரண்டாண்டுப் படிப்பையே தொடங்கிவிட்டது. பெர்லினில் ஆலிஸ் சாலமன் 1908இல் பெண்களுக்கென ஒரு பள்ளி திறந்தார். மருத்துவமும் சட்டமும் பெண்களுக்கு வழிவிட மறுத்த காலம் அது. படித்த பெண்கள் தங்களுக்கென்று ஒரு தொழிலைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். இந்தப் பள்ளிகள் இவ்வளவு வேகமாகப் பல நாடுகளில் முளைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சிகாகோவில் வேறொரு ஊற்று. ஜேன் ஆடம்ஸ் லண்டன் ஒயிட்சேப்பலில் இருந்த டாயின்பீ ஹாலை 1888இல் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இளைஞர்கள் ஏழைகள் நடுவே குடிபுகுந்து வாழ்ந்த இடம் அது. அடுத்த ஆண்டே எலன் கேட்ஸ் ஸ்டாருடன் சேர்ந்து, குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த ஹால்ஸ்டெட் தெருவில் ஹல் ஹவுஸைத் திறந்தார். அங்கே தங்கியிருந்தவர்கள் தெருவை வீடுவீடாகக் கணக்கெடுத்தார்கள். எந்த வீட்டில் எந்த நாட்டவர், வாரக் கூலி எவ்வளவு என்று நிறம் தீட்டிய வரைபடங்களோடு 1895இல் ஒரு நூலே வெளியிட்டார்கள். ரிச்மண்டின் பள்ளி ஒரு குடும்பத்தைக் கூர்ந்து பார்க்கச் சொன்னது. ஹல் ஹவுஸ் அந்தக் குடும்பத்தை வறுமையில் வைத்திருக்கும் கூலியையும் சட்டத்தையும் பார்க்கச் சொன்னது. சமூகப்பணி படிக்கிறவர்கள் இன்றும் தனிநபர் பணி என்றும் சமுதாய அமைப்பு என்றும் இரண்டு தாளாக எழுதுவது இந்த இரண்டு ஊற்றுகளிலிருந்து வந்ததுதான்.

இனி 1915. ஏப்ரஹாம் ஃபிளெக்ஸ்னரின் பெயரைக் கேட்டாலே அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் நடுங்கிய காலம். அவர் 1910இல் கொடுத்த அறிக்கையின் விளைவாகத் தரமற்ற கல்லூரிகள் பல மூடப்பட்டன. அவரை அழைத்து, சமூகப்பணி ஒரு தொழில்முறைத் துறைதானா என்று கேட்டார்கள். ரிச்மண்ட் வளர்ந்த அதே பால்டிமோரில் நடந்த மாநாட்டில் அவர் சொன்ன பதில், இன்னும் இல்லை என்பது. நோயென்றால் மருத்துவரிடமும் வழக்கென்றால் வழக்கறிஞரிடமும் அனுப்புகிறவருக்குத் தனக்கென ஒரு நுட்பம் எங்கே இருக்கிறது, பிறருக்குக் கற்றுக்கொடுக்கத் தக்க முறை எங்கே இருக்கிறது என்பது அவர் வாதம்.

அந்தப் பதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. ரிச்மண்ட் 1917இல் வெளியிட்ட ‘சோஷியல் டயக்னோசிஸ்’ என்ற பெரிய நூலை அதற்கான மறுமொழி என்றே பலர் படித்தார்கள். ஒரு குடும்பத்தைப் பற்றி நாம் அறிந்ததாக நினைப்பதில் எது நேரில் கண்டது, எது கேள்விப்பட்டது, எது நாமாக ஊகித்தது என்று பிரித்துக் காட்டும் நூல் அது. உறவினர், மருத்துவர், பள்ளி, முதலாளி, அண்டைவீட்டார் ஒவ்வொருவரும் தரும் தகவலை எப்படி எடைபோடுவது என்று அதில் சொல்லியிருக்கிறார். பயிற்சி என்று அவர் கேட்டதன் உள்ளடக்கம் இப்படிப் புத்தகமாயிற்று. பள்ளிகளோ வேறு பக்கம் ஓடின. மதிப்பு வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்துக்குள் போக வேண்டும் என்று முடிவு கட்டின. 1919இல் 17 பள்ளிகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. 1920இல் சிகாகோவில் இருந்த பள்ளி அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஈடித் அபட்டும் சஃபனிஸ்பா பிரெக்கின்ரிட்ஜும் அங்கே சட்டம், புள்ளிவிவரம், பொது நிர்வாகம் எல்லாம் சேர்த்துப் பாடத்திட்டத்தைக் கனமாக்கினார்கள். அதே 1920இல் அட்லான்டாவில் கறுப்பின மாணவர்களுக்கென ஒரு பள்ளி பிறந்தது. தெற்கின் பள்ளிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளாததால் வந்த பிறப்பு அது.

இளநிலைப் பட்டத்தின் கதை இங்கிருந்துதான் சூடுபிடிக்கிறது. 1929இல் பங்குச்சந்தை சரிந்தது. 1933 வாக்கில் அமெரிக்கத் தொழிலாளரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. தனியார் அறச் சங்கங்களின் கஜானா வற்றியது. ரூஸ்வெல்ட் அரசு அந்த ஆண்டு கூட்டாட்சி நெருக்கடி நிவாரண நிர்வாகத்தை அமைத்து, ஹல் ஹவுஸ் போன்ற குடியிருப்பு மன்றம் ஒன்றில் வேலையைத் தொடங்கியிருந்த ஹாரி ஹாப்கின்ஸ் கையில் கொடுத்தது. நிவாரணப் பணம் அரசு அலுவலகம் மூலமே போக வேண்டும், ஒவ்வோர் உள்ளூர் அலுவலகத்திலும் அனுபவமுள்ள சமூகப்பணியாளர் குறைந்தது ஒருவராவது இருக்க வேண்டும் என்று விதி வந்தது. நேற்றுவரை நகரத்துச் சங்கங்களில் மட்டும் இருந்த வேலை, ஒரே ஆண்டில் சோளம் விளையும் மாவட்டங்களுக்கும் சுரங்க ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

அந்த வேலை எப்படி இருந்தது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். காலையில் ஒரு பட்டியலோடு புறப்பட வேண்டும். வீட்டில் எத்தனை பேர், சேமிப்பு உண்டா, காப்பீடு உண்டா, தாங்கக்கூடிய உறவினர் யாராவது உண்டா என்றெல்லாம் விசாரிக்க வேண்டும். சாப்பாடு, வாடகை, எரிபொருள் என்று குடும்பத்தின் தேவையைக் கூட்டி, இருக்கும் வருமானத்தைக் கழித்து, துண்டு விழுவதை எழுதினால் அதுதான் நிவாரணத் தொகை. பல இடங்களில் கையில் காசாகக் கொடுக்காமல் மளிகைச் சீட்டாகக் கொடுத்தார்கள். போன மாதம்வரை சொந்தக் கடை வைத்திருந்தவர் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கேட்கிறவருக்குக் கேட்கத் தெரியாவிட்டால் அந்த மனிதர் இரண்டாம் முறை அவமானப்படுவார். இந்த வேலைக்கு வந்தவர்களில் ஆசிரியர் வேலை கிடைக்காதவர்கள், கடை விற்பனையாளர்கள், அப்போதுதான் கல்லூரி முடித்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஒரு நாள் பயிற்சிகூட இல்லாதவர்கள் நிறைய.

1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் இது தற்காலிக வேலை இல்லை என்பது உறுதியாயிற்று. மேற்கு, தெற்கு மாநிலங்களின் அரசுக் கல்லூரிகள் தங்கள் சமூகவியல் துறைகளில் இளநிலை மாணவர்களுக்குச் சமூகப்பணிப் பாடங்கள் நடத்தலாயின. விவசாயி வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகள் அவை. நாலு ஆண்டுக்கு மேல் படிக்க வைக்க அந்த வீடுகளில் பணம் இல்லை. படித்து முடித்ததும் சொந்த மாவட்ட அலுவலகத்திலேயே வேலை பார்க்கலாம் என்பதுதான் ஈர்ப்பு.

அந்த நேரம் பார்த்துப் பெரிய பள்ளிகளின் சங்கம் கதவைச் சாத்தியது. 1937இல் முடிவெடுத்து, 1939 முதல் பட்டப்படிப்புக்குப் பின் இரண்டாண்டு படித்தால்தான் தொழில்முறைச் சமூகப்பணியாளர் என்று ஆக்கியது. ஃபிளெக்ஸ்னரின் சொல்லுக்கு அஞ்சி எடுத்த முடிவு என்றுதான் எனக்குப் படுகிறது. ஊரெங்கும் ஆள் தேவைப்பட்ட வேளையில், வருகிற ஆட்களில் பெரும்பாலானவர்கள் இந்தத் தொழிலைச் சேர்ந்தவர்களே இல்லை என்று அது சொல்லிவிட்டது. மாநிலக் கல்லூரிகள் சும்மா இருக்கவில்லை. 1942இல் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்து இளநிலைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கத் தொடங்கின. ஒரே தொழிலுக்கு இரண்டு சங்கங்கள் சான்று கொடுத்துச் சண்டையிட்ட பத்து ஆண்டுகள் அவை. 1952இல் சமூகப்பணிக் கல்விக் குழு என்ற ஒரே அமைப்பாக இரண்டும் இணைந்தன. இணைப்பில் வென்றது முதுநிலைத் தரப்பு.

அதன்பின் தேவையே வழிவிட்டது. 1959இல் வெர்னர் போம் தலைமையில் 13 தொகுதிகளாக வந்த பாடத்திட்ட ஆய்வு, இளநிலைக்கு இடம் உண்டு என்றது. 1960களில் அரசின் வறுமை ஒழிப்புத் திட்டங்கள் பெருக, ஆட்களுக்குப் பெரும் பற்றாக்குறை ஏற்பட்டது. 1969இல் சமூகப்பணியாளர்களின் தேசியச் சங்கம் வாக்கெடுத்து, இளநிலைப் பட்டதாரிகளையும் முழு உறுப்பினர்களாக ஏற்றது. 1974இல் பி.எஸ்.டபிள்யூ. படிப்புக்கு முறையான அங்கீகாரம் வந்தது. கதவு சாத்தப்பட்டு 35 ஆண்டு கழித்துத்தான் அது திறந்தது. இன்று அங்கே அந்தப் பட்டத்துக்குக் குறைந்தது 400 மணி நேரக் களப்பயிற்சி கட்டாயம். கதவு மூடியிருந்த காலத்திலும் மாவட்ட அலுவலகங்களில் வீடுவீடாகப் போய்க்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் முதுநிலை படிக்காதவர்கள் என்பதை இந்த வரலாற்றைச் சொல்கிறவர்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கோ அதுதான் இதன் நடுநாயகமான செய்தி.

இந்தியாவுக்கு இந்தப் படிப்பு வந்ததும் அந்தக் கதவு மூடப்படுகிற தறுவாயில்தான். சிகாகோவில் படித்த கிளிஃபர்டு மேன்ஷார்ட் அமெரிக்க மராத்தி மிஷனின் ஊழியராக 1925இல் பம்பாய் வந்தார். அடுத்த ஆண்டு நாக்பாடாவில் ஓர் அண்டைவீட்டு மன்றம் தொடங்கினார். ஹல் ஹவுஸின் வழியில் வந்தது அது. பைக்குல்லாவை ஒட்டிய நாக்பாடாவில் ஆலைத் தொழிலாளர்கள், துறைமுகக் கூலிகள், முஸ்லிம்கள், யூதர்கள் என்று பலரும் சால் எனப்படும் ஒற்றையறைக் குடியிருப்புகளில் இடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். பக்கத்திலேயே பாலியல் தொழில் நடக்கும் காமாட்டிபுரா. மன்றத்தில் படிப்பகம், மருந்தகம், மாலை வகுப்பு, விளையாட்டு எல்லாம் இருந்தன. நாக்பாடா இன்றும் கூடைப்பந்துக்குப் பெயர்போன இடம். அந்த ஆட்டம் அங்கே வேரூன்றியதில் இந்த மன்றத்துக்கும் பங்கு உண்டு. மதத்தைப் பரப்ப வந்த மிஷன், மதம் பேசாமல் ஒரு தெருவோடு வாழ்ந்த இடம் அது.

1932இல் சர் தொராப்ஜி டாட்டா காலமானார். அவர் சொத்தைக் கொண்டு ஏற்பட்ட அறக்கட்டளை, பணத்தை எப்படிச் செலவிட்டால் வறுமையின் வேரைத் தொடலாம் என்று மேன்ஷார்ட்டிடம் ஆலோசனை கேட்டது. பயிற்சி பெற்ற ஆட்கள் இல்லாமல் எந்த அறமும் நிலைக்காது என்று அவர் சொன்னார். 1936இல் நாக்பாடா மன்றத்திலேயே சர் தொராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பட்டதாரிப் பள்ளி தொடங்கியது. மாணவர்கள் படி இறங்கினால் களம். ரிச்மண்ட் டொரான்டோவில் கேட்ட பள்ளி இடம்பொருளெல்லாம் பொருந்திப் பம்பாயில் அமைந்தது என்று சொல்லலாம். அடுத்த ஆண்டே குழந்தைகளுக்கான வழிகாட்டு மனநல மையம் ஒன்று, நாட்டிலேயே முதலாவதாக, அங்கே திறக்கப்பட்டது. 1946இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் இந்தியாவின் முதல் மருத்துவச் சமூகப்பணியாளர் பதவி ஏற்பட்டது.

பள்ளியின் பெயரிலேயே பட்டதாரி இருந்ததைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் அங்கே இடம். எழுத்தறிவே அரிதாக இருந்த நாட்டில், பட்டதாரிகள் விரல்விட்டு எண்ணும்படி இருந்த காலத்தில் அந்த நிபந்தனை என்ன செய்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. கிராமத்திலிருந்து, ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து, கடனில் மூழ்கிய வீட்டிலிருந்து வருகிற ஒருவர் அந்த வகுப்பறையை எட்டவே பல பத்தாண்டுகள் ஆயின. அமெரிக்கப் பள்ளிகள் முதுநிலைக்கு மட்டும் என்று முடிவுகட்டிய அதே ஆண்டுகளில் நம் பள்ளி பிறந்தது. அங்கிருந்து வந்த பாடநூல்களும் தனிமனிதனின் மனத்தைப் பற்றிப் பேசின. சாதியையும் நிலக்குத்தகையையும் கந்துவட்டியையும் பற்றி அவற்றில் ஒன்றும் இல்லை. 1980இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் இரண்டாவது மறுஆய்வு அறிக்கை, பாடத்தின் பார்வையை வறுமைக்கும் வளர்ச்சிக்கும் திருப்ப வேண்டும் என்று கேட்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு தமிழர் வருகிறார். மேன்ஷார்ட்டுக்குப்பின் 1941இல் பள்ளியின் பொறுப்பை ஏற்றவர் ஜே.எம். குமரப்பா. காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பாவின் உடன்பிறந்தவர். ஒரு சகோதரர் வார்தாவில் கிராமத் தொழில்களுக்காகப் பாடுபட்டுக்கொண்டிருக்க, இன்னொருவர் பம்பாயில் சமூகப்பணியாளர்களை உருவாக்கிக்கொண்டிருந்தார். அவர் காலத்தில் 1944இல் பள்ளியின் பெயர் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று மாறியது. 1952இல் மாநிலங்களவைக்கு முதன்முதலாக நியமிக்கப்பட்ட பன்னிருவரில் அவரும் ஒருவர். அந்தப் பட்டியலில் இருந்த ருக்மிணி தேவியைத் தமிழ்நாடு நினைவில் வைத்திருக்கிறது, குமரப்பாவை மறந்துவிட்டது.

அதே 1952இல் சென்னைக்கும் பள்ளி வந்தது. அதைக் கொண்டுவந்தவர் மேரி கிளப்வாலா ஜாதவ். 1909இல் உதகையில் பிறந்த பார்சிப் பெண். 1935இல் கணவரை இழந்தபின் கில்டு ஆஃப் சர்வீஸ் என்ற தொண்டமைப்பில் முழு நேரமும் இறங்கினார். இரண்டாம் உலகப் போரில் சென்னை வழியாகப் போன சிப்பாய்களைக் கவனிக்க விருந்தோம்பல் குழு ஒன்றை நடத்தினார். பின்னாளில் சென்னையின் ஷெரீஃபாகவும் இருந்தார். ஆயிரக்கணக்கான தொண்டர்களை வேலை வாங்கிப் பழகிய அவர், நல்ல மனம் இருந்தால் மட்டும் போதாது என்பதைக் கண்டுகொண்டவர். கில்டு ஆஃப் சர்வீஸும் இந்தியச் சமூகப்பணி மாநாட்டின் சென்னைக் கிளையும் சேர்ந்து தொடங்கிய சென்னைச் சமூகப்பணிப் பள்ளி இன்றும் எழும்பூர் காசா மேஜர் சாலையில் இருக்கிறது.

இந்தப் படிப்பு இங்கே பிழைத்து நின்றதில் ஒரு சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு, 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. பஞ்சாலைகளும் தோல் பதனிடும் ஆலைகளும் நிறைந்த ஊர்களில் சமூகப்பணிப் பட்டதாரிக்கு அது நிலையான வேலை தந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, தொழிலாளி பக்கம் நிற்க வேண்டிய அந்த நாற்காலி நிர்வாகத்தின் பணியாளர் துறைக்குள் போய்விட்டது. சமூகப்பணிப் பள்ளிகளின் கெட்டிக்கார மாணவர்கள் மனிதவளப் பாடத்தின் பின்னால் போனார்கள். பிழைப்புக்கு வழிதேடிப் போன இளைஞர்களை நான் குறை சொல்லமாட்டேன். குடும்பங்களோடும் குழந்தைகளோடும் செய்யும் வேலைக்கு அதில் பாதிச் சம்பளம்கூடத் தராத நம் ஏற்பாட்டைத்தான் குறை சொல்ல வேண்டும்.

இளநிலைப் பட்டம் இந்தியாவில் மெல்லமெல்ல வந்தது. பி.ஏ.வுக்குள் ஒரு பாடமாக, பிறகு தனிப் பட்டமாக, ஒவ்வொரு கல்லூரியாக. நாட்டின் முதல் பள்ளியே இளநிலைச் சமூகப்பணிப் படிப்பைத் தொடங்க 2012 ஆயிற்று. அதுவும் மும்பையில் இல்லை, மழை பொய்க்கும் மராத்வாடாவின் துல்ஜாபூர் வளாகத்தில். கிராமத்துப் பிள்ளைகள் பள்ளி முடித்ததும் நேரே வரட்டும் என்ற எண்ணம் வர 76 ஆண்டுகள் எடுத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இன்று பி.எஸ்.டபிள்யூ. சேருகிற பிள்ளைகளில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். வாரத்தில் சாதாரணமாக இரண்டு நாள் வகுப்பு கிடையாது, ஃபீல்டு ஒர்க். ஒரு தொண்டு நிறுவனத்துக்கோ மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ குடிசைப் பகுதிக்கோ போக வேண்டும். போய்வந்ததை ரெக்கார்டில் எழுதி, குறித்த நாளில் ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு ஆசிரியர் ஒவ்வொருவரையும் தனியே உட்காரவைத்துப் பேசுவார். ஆண்டுக்கொரு முறை கிராம முகாம் உண்டு. இதில் எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த ரெக்கார்டு.

மறுகுடியமர்வுக் குடியிருப்பில் பள்ளியை விட்டு நின்ற ஒரு பையனைப் பார்க்கப் போகிற மாணவியை எடுத்துக்கொள்வோம். வீடு பூட்டியிருக்கிறது. இரண்டு முறை போயும் அம்மா இல்லை. “தாய்க்கு மகன்மீது அக்கறை இல்லை” என்று எழுதி வைக்கிறாள். ஓரத்தில் சிவப்பு மையில் ஆசிரியர் கேட்பார்: “இதை எப்படித் தெரிந்துகொண்டாய்? பார்த்தாயா, யாராவது சொன்னார்களா?” அடுத்த வாரம் சாயங்காலம் ஏழு மணிக்குப் போகிறாள். “அக்கா, உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்” என்று சொல்லி வாசலில் உட்காருகிறாள். ஊருக்கு வெளியே கொண்டுவந்து விட்ட பிறகும் அந்த அம்மாவுக்கு வேலை பழைய இடத்தில்தான். விடியுமுன் முதல் பஸ் பிடித்தால்தான் நாலு வீட்டு வேலை முடியும். பையனுக்குப் பழைய பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்க ஒரு நாள் லீவு போட்டால் ஒரு வீடு போய்விடும். மாணவி முதலில் எழுதிய வரியை அடித்துவிட்டு, கண்டதையும் கேட்டதையும் வேறுவேறாகப் பிரித்து எழுதுகிறாள். பிறகு பள்ளித் தலைமையாசிரியரைப் பார்க்க அவளே போகிறாள். ரிச்மண்ட் பெரிய புத்தகம் எழுதிச் சொன்னதை ஒரு பத்தொன்பது வயதுப் பெண் இப்படிக் கற்றுக்கொள்கிறாள். இதைக் கற்பிக்கிற ஆசிரியருக்கு ஒரு வகுப்பில் ஐம்பது பேரைக் கட்டிக்கொடுத்துவிட்டால் ஓரத்தில் சிவப்பு மை இருக்காது, கையெழுத்துதான் இருக்கும். பல கல்லூரிகளில் நடப்பது இதுதான் என்பது வேதனை.

படித்து முடித்ததும் இவர்கள் போகக்கூடிய இடங்கள் கண்ணெதிரே இருக்கின்றன. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப்பணியாளர், புறத்தொடர்புப் பணியாளர், ஆற்றுப்படுத்துநர். முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகள் மையம், போதை மீட்பு மையம். குழந்தைத் திருமணம் என்று தகவல் வந்தால் முதலில் வாசலில் போய் நிற்கிறவர்கள் இவர்கள்தான். வேலை பெரும்பாலும் ஒப்பந்தம், சம்பளம் தொகுப்பூதியம். ஆண்டு முடியும்போது புதுப்பிப்பார்களா என்று காத்திருக்க வேண்டும்.

2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மனநலச் சமூகப்பணியாளர் யார் என்பதை வரையறுக்கிறது. முதுநிலையும் அதற்கு மேல் எம்.ஃபில். பட்டமும் கேட்கிறது. 2021இல் வந்த துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான சட்டம் மருத்துவச் சமூகப்பணியாளரைத் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. மருத்துவமனைக்குள் இருப்பவர்களுக்கு இப்படிச் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. தெருவுக்கும் வீட்டுக்கும் போகிறவர்களுக்கு, குறிப்பாக இளநிலையோடு வேலைக்கு வருகிறவர்களுக்கு, அது இல்லை. வழக்கறிஞருக்கும் செவிலியருக்கும் இருப்பதுபோல் பதிவேடும் ஒழுங்குமுறையும் கொண்ட தேசியக் குழு வேண்டும் என்று 1990களிலேயே வரைவு மசோதா எழுதினார்கள். அது இன்னும் சட்டமாகவில்லை. குழு அமையும்போது, 1939இல் அமெரிக்கச் சங்கம் செய்ததுபோல் பி.எஸ்.டபிள்யூ. படித்தவர்களை வெளியே நிறுத்தாமல், முதல் நாளிலிருந்தே அவர்கள் பெயரையும் பதிவேட்டில் எழுத வேண்டும். அவர்களுக்கான களப்பயிற்சி மணிநேரத்தையும், ஓர் ஆசிரியருக்கு இத்தனை மாணவர்தான் என்ற வரம்பையும் அந்தச் சட்டத்திலேயே குறித்துவிட வேண்டும்.